கடை மென்பொருள்களை இணைக்க எக்ஸ்டென்ஷனா, ஏபிஐயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் நடத்தும் துணிக்கடை, மளிகை மொத்த வியாபாரம், லாரி நிறுவனம், கிளினிக் என எதற்குள் நுழைந்தாலும் இப்போது இரண்டு மூன்று மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கும். கல்லாவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஆன்லைன் விற்பனைக்கு ஒன்று. ஒன்றில் அடித்ததையே கிராணி இன்னொன்றிலும் உட்கார்ந்து அடிப்பார். இதை நிறுத்தத்தான் இணைப்பு வேலை. அந்த வேலைக்குப் போகும் இடங்களில் முதலாளிகளும், அவர்களிடம் வேலை செய்யும் இளம் டெவலப்பர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன, ஏபிஐ என்றால் என்ன?

கோப்பித்தியாமில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து மீ கோரெங் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை, விளக்கு, காற்றாடி, வந்து உட்காரும் கூட்டம் எல்லாமே கடைக்காரருடையது. கடைக்காரர் திங்கட்கிழமை அடைத்தால் இவரும் அடைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் அப்படிப்பட்டது. நீங்கள் எழுதும் நிரல் அடுத்தவருடைய மென்பொருளுக்குள்ளேயே, அவர் திரையில், அவர் விதிப்படி ஓடும். ப்ளக்-இன், ஆட்-ஆன், மாட்யூல் என்று பெயர் தளத்துக்குத் தளம் மாறும்.

ஏபிஐ வழியில் உங்கள் நிரல் உங்கள் இடத்தில் ஓடும். தேவைப்படும்போது இணையம் வழியாக அந்த மென்பொருளிடம் கேட்கும் அல்லது கொடுக்கும். திரை உங்களுடையது அல்ல, ஆனால் சமையலறை உங்களுடையது.

ஒரே கேள்வியில் முடிவு செய்ய வழி உண்டா?

உண்டு. அந்த வேலை நடக்கும் நேரத்தில் திரைக்கு முன்னால் ஆள் இருக்கிறாரா, அவரை அங்கேயே தடுக்கவோ அவருக்கு ஒன்றைக் காட்டவோ வேண்டுமா? ஆமாம் என்றால் எக்ஸ்டென்ஷன். யாரும் பார்க்காமலே தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும் என்றால் ஏபிஐ.

பினாங்கு லெபோ பசாரில் ஒரு மசாலா மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளருக்குக் கிராணி பில் போடக்கூடாது. இதை ஏபிஐயில் செய்தால் பில் விழுந்த பிறகுதான் உங்கள் நிரலுக்குச் செய்தி வரும். அதற்குள் மிளகாய் மூட்டை லாரியில் ஏறியிருக்கும். சேமி என்ற பட்டனை அழுத்தும் அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும், அதற்கு மென்பொருளுக்குள் இருந்தாக வேண்டும். அதே வியாபாரிக்கு ஷாப்பி என்ற இணையச் சந்தையில் வரும் ஆர்டர்கள் இரவில் கணக்கு மென்பொருளில் போய்ச் சேர வேண்டும் என்றால், அதற்கு யாரும் திரைமுன் இருக்கத் தேவையில்லை. அந்த வேலைக்கு எக்ஸ்டென்ஷன் எழுதுவது வீண்.

"எது புதுசு, எது வேகம்" என்று ஆரம்பிக்கும் பேச்சுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போனவை.

"தம்பி, ரெடிமேடா ஏதாவது இருக்குமே?"

இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். வேர்ட்பிரஸில் ஓடும் இணையக் கடை மென்பொருளான வூகாமர்ஸில் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை) வழியாகப் பணம் வாங்குவதற்கு நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, பில்பிளிஸ் போன்ற கட்டணச் சேவைகளுக்கு ஆயத்த ப்ளக்-இன் உண்டு. ஜேப்பியர், மேக், என்8என் போன்ற இணைப்புக் கருவிகளும் "புது ஆர்டர் வந்தால் ஷீட்டில் ஒரு வரி சேர்" என்ற அளவுக்குப் போதும். அதற்கு மேல், "வந்தால் சேர், ஆனால் பினாங்கு கிளை என்றால் வேறு ஷீட், ரத்தானால் அழி, பாதி திரும்பினால் கழி" என்று போகும்போது அந்தக் கருவிகளில் போடும் கட்டங்களும் கோடுகளும் நிரலைவிடப் படிக்கக் கடினமாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுத ஆரம்பிப்பது நல்லது.

இ-இன்வாய்ஸுக்கு எந்த வழி?

இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பில்லை மின்னணு வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பதுதான் இ-இன்வாய்ஸ். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் என்ற அந்தத் திட்டம் ஆண்டு விற்பனையைப் பொறுத்துக் கட்டம் கட்டமாக வந்தது. 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1, இரண்டரைக் கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, 50 லட்சத்துக்கு மேல் 2025 ஜூலை 1, 10 லட்சத்துக்கு மேல் 2026 ஜனவரி 1. வாரியம் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று இணையத்தில் கையால் நிரப்பும் போர்ட்டல், மற்றது ஏபிஐ. மைஇன்வாய்ஸுக்குள் எக்ஸ்டென்ஷன் எழுத முடியாது. ஆகவே அந்தப் பக்கம் எப்போதும் ஏபிஐதான். கேள்வி உங்கள் பக்கத்தைப் பற்றியது. கணக்கு மென்பொருளுக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் வைத்து அங்கிருந்து அனுப்புவதா, அல்லது தனியாக ஒரு சேவை கணக்கைப் படித்து அனுப்புவதா?

கணக்கு மென்பொருள் நிறுவனமே இ-இன்வாய்ஸ் வசதி தந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், விவாதமே வேண்டாம். விதிமுறை மாறும்போதெல்லாம் திருத்தும் தலைவலி அவர்களுடையது. உங்கள் பில் மூன்று நான்கு மென்பொருள்களில் பிறக்கிறது, உதாரணமாகக் கல்லாவில் பாதி, இணையக் கடையில் பாதி, லாரி வாடகை எக்செலில் என்றால் தனிச் சேவைதான் சரி. எல்லாப் பில்களும் ஒரே குழாய் வழியாகப் போகட்டும்.

தனிச் சேவை எழுதும் டெவலப்பர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பில்லை அனுப்பியதும் மைஇன்வாய்ஸ் 202 என்று பதில் தரும். வாங்கிக்கொண்டேன் என்பதுதான் அதன் பொருள், ஏற்றுக்கொண்டேன் என்பதல்ல. சரிபார்ப்பு அதன் பிறகு நடக்கும். நீங்கள் மறுபடி போய் நிலையைக் கேட்க வேண்டும். செல்லும் என்று வந்தால்தான் லாங் ஐடி என்ற நீண்ட அடையாள எண் கிடைக்கும், அதிலிருந்துதான் கியூஆர் குறியீட்டுக்கான இணைப்பைச் செய்ய முடியும். 202ஐப் பார்த்ததும் பச்சை டிக் போட்டுவிடும் நிரல்கள் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்ளும்.

சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் விற்றவர் ரத்து செய்யலாம், வாங்கியவர் நிராகரிக்கக் கோரலாம். தாண்டிவிட்டால் கிரெடிட் நோட், டெபிட் நோட் வழிதான். இங்கேதான் எக்ஸ்டென்ஷனின் உதவி தேவைப்படும். பழைய பில்லைக் கிராணி திறந்து ரத்து பட்டனைத் தேடும்போது, "நேரம் முடிந்தது, கிரெடிட் நோட் போடுங்கள்" என்று அந்தத் திரையிலேயே சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். பின்னால் ஓடும் சேவையால் அதைச் சொல்ல முடியாது.

அப்புறம், பில் கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் முடிந்த 7 நாட்களுக்குள் ஒருங்கிணைத்து அனுப்ப வேண்டும். அதில் வாங்கியவரின் வரி எண்ணாகப் பொதுமக்களுக்கான இஐ00000000010 போகும். இந்த எண்ணைக் கிராணி கையால் அடிக்க விடாதீர்கள். பூஜ்யங்களை எண்ணி அடிப்பது மனிதர் வேலை அல்ல.

எங்கள் கணக்கு மென்பொருள் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, இணையத்தில் இல்லை. ஏபிஐ எப்படி?

இங்கே பாதிக் கடைகள் அப்படித்தான். எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் இரண்டும் மலேசியாவிலேயே உருவானவை, இரண்டின் டெஸ்க்டாப் பதிப்புகளும் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. முன்னதற்கு வெளி நிரல்கள் பேசுவதற்கு எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பு உண்டு, பின்னதற்கு மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ப்ளக்-இன் எழுதலாம். அதாவது இந்த இரண்டிலும் மென்பொருள் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே உங்கள் நிரலும் ஓடும். வெளியே ஒரு சேவையும், ஆபீஸில் அதனிடமிருந்து வேலையை வாங்கிச் செய்யும் ஒரு சிறு நிரலும் என்று பிரித்து எழுதுவது வழக்கம். ஆபீஸ் பக்கத்து நிரல்தான் வெளியே போய்க் கேட்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர ரூட்டரில் ஓட்டை போட்டுக் கொடுக்காதீர்கள்.

இரவு எட்டு மணிக்குக் கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிற முதலாளிகள் உண்டு. இரவுநேர ஒத்திசைவு என்று திட்டம் போடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸிலேயே நேரடியாக எழுதிவிட்டால் என்ன?

படிப்பதற்கு, அதுவும் ஒரு நகலிலிருந்து என்றால், சரி. எழுதவே கூடாது. எஸ்கியூஎல் அக்கவுண்ட்டுக்கு அடியில் ஃபயர்பேர்ட், ஆட்டோகவுண்ட்டுக்கு அடியில் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர். இரண்டையும் திறக்கத் தெரிந்த பையன்கள் நிறைய. ஆனால் ஒரு பில் என்பது ஒரு அட்டவணையில் ஒரு வரி அல்ல. அது பேரேட்டில் விழ வேண்டும், இருப்பைக் குறைக்க வேண்டும், கடனாளியின் நிலுவையை ஏற்ற வேண்டும். மென்பொருள் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும். நீங்கள் முதல் அட்டவணையில் மட்டும் எழுதினால் பில் திரையில் தெரியும், பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது. ஆடிட்டர் அதைக் கண்டுபிடிக்கும்போது ஒன்பது மாதம் ஓடியிருக்கும்.

எல்லாத் தளமும் ஒரே மாதிரிதானே? ஒன்று கற்றால் போதாதா?

இல்லை. ஒவ்வொன்றும் எதைத் திறந்துவிட்டிருக்கிறது, எதைப் பூட்டியிருக்கிறது என்பது வேறு வேறு.

வூகாமர்ஸ் முழுவதும் திறந்த வீடு. வேர்ட்பிரஸ் ப்ளக்-இன் எந்த இடத்திலும் கைவைக்கலாம். அதனாலேயே ஆபத்தும் அதிகம். உங்கள் ப்ளக்-இன்னும் கடையும் ஒரே பிஎச்பி ஓட்டத்தில் இருப்பதால் உங்கள் நிரலில் ஒரு பிழை விழுந்தால் கடையே வெள்ளைத் திரையாகும். ஏபிஐ வழியில் எழுதிய சேவை விழுந்தால் தகவல் தாமதமாகும், விற்பனை நிற்காது. எந்த வழி என்று தயங்கும்போது நாங்கள் முதலில் எடைபோடுவது இதைத்தான்.

இணையக் கடை நடத்த வாடகைக்குக் கிடைக்கும் தளமான ஷாப்பிஃபை (ஷாப்பி வேறு, இது வேறு) இதற்கு நேர் எதிர். செக்அவுட்டில், அதாவது பணம் கட்டும் பக்கத்தில், தள்ளுபடி விதி போட ஷாப்பிஃபை ஃபங்ஷன்ஸ் உண்டு. ஆனால் அந்த நிரல் அவர்கள் சர்வரில் அடைத்த பெட்டிக்குள் ஓடும். ஓடும் நேரத்தில் வெளியே உங்கள் சர்வரைக் கூப்பிட்டு "இவருக்கு என்ன விலை" என்று கேட்கச் சாதாரணக் கடைகளுக்கு வழியில்லை. அதனால் வாடிக்கையாளர் வாரியான விலையை முன்கூட்டியே ஏபிஐ வழியாக மெட்டாஃபீல்ட் என்ற கூடுதல் தகவல் பெட்டியில் ஏற்றி வைத்து, ஃபங்ஷன் அதைப் படிக்கும்படி செய்வார்கள். ஆக, இங்கே இரண்டும் சேர்ந்தே வருகிறது.

கணக்கு, இருப்பு, விற்பனை எல்லாம் சேர்ந்த ஒடூ என்ற மென்பொருளை வாங்கும் முன் கேட்டே ஆக வேண்டிய விஷயம் உண்டு. ஒடூ ஆன்லைன் என்ற அவர்களே நடத்தும் வகையில் நீங்கள் எழுதிய பைத்தான் மாட்யூலை ஏற்ற முடியாது. அதற்கு ஒடூ.எஸ்எச் என்ற அவர்களின் இன்னொரு வகை அல்லது சொந்த சர்வர் வேண்டும். வெளியிலிருந்து பேசும் ஏபிஐயும் கஸ்டம் என்ற உயர்ந்த திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். மலிவான திட்டத்தை வாங்கிவிட்டு இணைப்புக்காரரைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு கதவும் சாத்தியிருக்கும்.

கூகுள் ஷீட்டில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதுவது சுலபம், ஆனால் ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்திவிடும். வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸில் உடனுக்குடன் ஓடும் ஒரு பரிவர்த்தனைக்குள் 100 தேடலுக்கு மேல் செய்ய விடாது. அடுத்தவர் இடத்தில் ஓடும்போது அடுத்தவர் மீட்டர்தான். ஜீரோ (Xero) என்ற இணையக் கணக்கு மென்பொருள் பக்கம் போனால் அங்கே பெரும்பாலும் ஏபிஐதான் வழி. ஒரு நிறுவனக் கணக்குக்கு நிமிடத்துக்கு 60 அழைப்பு, சாவி 30 நிமிடத்தில் காலாவதி, புதுப்பிக்கும் சாவியை 60 நாள் தொடாமல் விட்டால் முதலாளி மறுபடி உள்ளே நுழைந்து அனுமதி தர வேண்டும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்ட முதலாளியிடம் இதைத் தொலைபேசியில் விளக்கிப் பாருங்கள்.

தளக்காரர் நாளை விதியை மாற்றினால்?

மாற்றுவார். இரண்டு வழியிலும் மாறும், அடி விழும் விதம்தான் வேறு.

ஷாப்பிஃபை பிளஸ் என்ற உயர்ந்த திட்டத்தில் இருக்கும் கடைகள் பல ஆண்டுகளாக செக்அவுட் பக்கத்தில் போட்டிருந்த பழைய நிரல்களுக்கு முதலில் 2024 ஆகஸ்ட் 13 என்றும், நன்றிப் பக்கத்துக்கும் ஆர்டர் நிலைப் பக்கத்துக்கும் 2025 ஆகஸ்ட் 28 என்றும் கெடு வைத்தார்கள். புதிய எக்ஸ்டென்ஷன் முறைக்கு மாறாதவர்களின் வேலைப்பாடு போயிற்று. ஏபிஐ பக்கமும் சும்மா இல்லை. பழைய ரெஸ்ட் ஏபிஐயை 2024 அக்டோபரில் ஓரங்கட்டி, 2025 ஏப்ரல் 1 முதல் புதிய பொதுச் செயலிகள் கிராஃப்கியூஎல் என்ற புதிய ஏபிஐ முறையில்தான் வர வேண்டும் என்றார்கள். ஆனாலும் ஏபிஐக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றும் குறைந்தது 12 மாதம் உயிரோடிருக்கும் என்று முறை உண்டு. பழையதில் ஓடிக்கொண்டே புதியதைச் சோதிக்கலாம். ஒடூ மாட்யூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், தளம் ஏறும்போது உங்கள் மாட்யூலும் அதே நாளில் ஏறியாக வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் எழுதித் தருகிறவரிடம் விலை பேசும்போது ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துப் பேசச் சொல்வது இதனால்தான்.

வெப்ஹுக் இருக்கிறதே, அது போதாதா?

வெப்ஹுக் என்பது "இப்போது ஒரு ஆர்டர் வந்தது" என்று தளமே உங்கள் சர்வருக்குத் தட்டும் கதவு. நல்ல வசதி. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. ஷாப்பிஃபைக்கு 5 நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். வூகாமர்ஸில் தொடர்ந்து 5 முறை தோற்றால் அந்த வெப்ஹுக்கே தானாக அணைந்துவிடும், பெரிதாகச் சத்தம் போடாது. உங்கள் சர்வர் ஒரு மதியம் படுத்திருந்தால் அன்று மாலையிலிருந்து எதுவுமே வராது, நீங்களோ வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு பழக்கம் வேண்டும். வந்ததை வாங்கி வரிசையில் வைத்துவிட்டு உடனே பதில் சொல்லிவிடுங்கள், வேலையைப் பிறகு செய்யுங்கள். ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தாலும் ஒரே பில்தான் விழ வேண்டும், அதற்கு ஆர்டர் எண்ணைத் தனித்த சாவியாக வையுங்கள். கூடவே, நாளுக்கு ஒரு முறை ஏபிஐயில் போய் நேற்றைய ஆர்டர்களை எடுத்து, கணக்கில் இருப்பவற்றோடு ஒப்பிடும் ஒரு சிறு நிரலும் ஓடட்டும். எங்கள் அனுபவத்தில் இணைப்பு வேலையில் மிகக் குறைவாகப் பாராட்டப்படும் நிரல் அது, ஆனால் அதிகம் காப்பாற்றுவதும் அதுதான்.

எந்த வழி எடுத்தாலும் மலேசியாவில் தகவல் எங்கே உடையும்?

பெயரில் ஆரம்பிக்கலாம். நம் அடையாள அட்டையில் பெயர் நடுவே ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று இருக்கும். அந்தச் சாய்கோடு கம்ப்யூட்டருக்குக் கோப்புறையைப் பிரிக்கும் குறி. பில்லின் பிடிஎஃப் கோப்புக்கு வாடிக்கையாளர் பெயரை வைக்கும் நிரல், சீன, மலாய் பெயர்களுக்கெல்லாம் ஒழுங்காக ஓடி, முதல் தமிழ்ப் பெயரில் விழும். வெளிநாட்டு மென்பொருள்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். நிரல் இடைவெளியைப் பார்த்து வெட்டினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். அப்புறம் மகனுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் "அன்புள்ள திரு" என்று அப்பாவை விளித்துக்கொண்டு வரும். முழுப் பெயரையும் ஒரே பெட்டியில் வைத்து, மற்றப் பெட்டியில் ஒரு புள்ளியோ கோடோ போடுவது அழகில்லைதான், ஆனால் அது உடையாது.

அடையாள அட்டை எண் 12 இலக்கம். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளுக்கு அது பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும். கைப்பேசி எண்ணும் அப்படியே, அலோர் ஸ்டாரின் 05000 போன்ற அஞ்சல் குறியீடும் அப்படியே. இவை எல்லாம் எழுத்து, எண் அல்ல என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத்தில் 5 சென்னுக்கு முழுமையாக்கும் முறை இருக்கிறது. 23 ரிங்கிட் 48 சென் பில்லுக்கு ரொக்கம் கொடுத்தால் 23.50, டூயிட்நவ் கியூஆரில் கட்டினால் 23.48. கல்லா 23.50 என்று சொல்லும், கணக்கு மென்பொருள் பொருள் பொருளாகக் கூட்டி 23.48 என்று சொல்லும். இந்த 2 சென்னுக்கு ரவுண்டிங் என்று ஒரு தனிக் கணக்கு திறந்து அங்கே தள்ள வேண்டும். பொருள் வாரியாக முழுமையாக்கினால் இன்னும் குழம்பும், மொத்தத்தில்தான் செய்ய வேண்டும். பில்பிளிஸ் ஏபிஐ தொகையைச் சென்னில் கேட்கும், 50 ரிங்கிட்டுக்கு 5000 என்று அனுப்ப வேண்டும். ஷாப்பிஃபை 50.00 என்று தரும். நடுவில் நூறால் பெருக்க மறந்தால் வாடிக்கையாளரிடம் 50 சென் பில் போய் நிற்கும்.

நேரம்தான் கடைசி, அதுதான் நயமாக ஏமாற்றும். மைஇன்வாய்ஸ் பில்லின் தேதியையும் நேரத்தையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கேட்கிறது. நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகஸ்ட் 1 காலை 7.30க்குப் பசியாற வந்தவருக்குப் போட்ட பில், யூடிசியில் ஜூலை 31 இரவு 11.30. அது சரிதான். ஆனால் உங்கள் மாதாந்தர அறிக்கை அந்த யூடிசி தேதியை எடுத்துக் கூட்டினால் முதல் தேதி காலை எட்டு மணிக்கு முன் நடந்த வியாபாரம் முழுவதும் போன மாதத்தில் போய் உட்கார்ந்துவிடும். அனுப்பும்போது மட்டும் மாற்றுங்கள், கடைக் கணக்கு கோலாலம்பூர் நேரத்திலேயே இருக்கட்டும்.

வங்கிப் பக்கத்திலிருந்து தகவல் எடுக்க குரோம் எக்ஸ்டென்ஷன் போடலாமா?

வேண்டாம். திரையில் தெரிவதைச் சுரண்டி எடுக்கும் நிரல், வங்கி ஒரு பட்டனை இடம் மாற்றினால் செத்துவிடும். அதைவிட முக்கியம், கடவுச்சொல் அடிக்கும் பக்கத்தைப் படிக்கும் அனுமதியை நீங்கள் ஒரு மூன்றாம் நிரலுக்குக் கொடுக்கிறீர்கள். வங்கி தரும் கோப்பை இறக்கி ஏற்றுவது பழைய முறை, நாளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

வாடிக்கையாளர் தகவலை வெளியே அனுப்பினால் சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2024ல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல் தகவல் கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். (இ-இன்வாய்ஸின் 72 வேறு, இது வேறு, கூட்டங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) உங்களுக்காகத் தகவலைக் கையாளும் இணைப்புச் சேவைக்காரருக்கும் இப்போது நேரடியாகப் பாதுகாப்புக் கடமை உண்டு.

எக்ஸ்டென்ஷன் என்றால் தகவல் தளத்துக்குள்ளேயே இருக்கும் என்று நினைப்பார்கள். அது எழுதியவரைப் பொறுத்தது. பல ஆட்-ஆன்கள் பின்னால் தங்கள் சர்வருக்கு எல்லாவற்றையும் அனுப்பித்தான் வேலை செய்கின்றன. நிறுவும்போது கேட்கும் அனுமதிப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். முத்திரை அச்சடிக்கும் ஆட்-ஆன் எல்லா வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணையும் ஏன் கேட்கிறது? சொந்தச் சேவை என்றால் சர்வரை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில். அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே மையம் திறந்துவிட்டது, கிளினிக் போன்ற இடங்களுக்கு நாங்கள் உள்நாட்டையே சொல்வோம்.

எழுதிக் கொடுத்த டெவலப்பர் வேலையை விட்டுப் போய்விட்டால்?

சாவிகள் யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். மைஇன்வாய்ஸ் தரும் கிளையன்ட் ஐடியும் ரகசியச் சாவியும் நிறுவனத்தின் கணக்கில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஷாப்பிஃபை செயலி, கூகுள் ஸ்கிரிப்ட் எல்லாம் அந்தப் பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் சண்டை போடாமலே போனாலும் அந்தக் கணக்கு மூடும் நாளில் இணைப்பு நின்றுவிடும். சோதனைக்கு ஒரு தொகுதி, நிஜத்துக்கு ஒரு தொகுதி எனச் சாவிகள் இரண்டு இருக்கும், இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

செலவு எதில் குறைவு?

ஆரம்பத்தில் எக்ஸ்டென்ஷன் மலிவு, ஏனென்றால் திரையும் உள்நுழைவும் ஏற்கெனவே இருக்கின்றன. ஏபிஐ சேவைக்கு சர்வர், கண்காணிப்பு, பிழைப் பட்டியலைப் பார்க்க ஒரு பக்கம் என எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும், மாதாமாதம் பில் வரும். ஆனால் நாளை கணக்கு மென்பொருளையே மாற்றினால் எக்ஸ்டென்ஷனைக் குப்பையில் போட வேண்டியதுதான், சேவையில் ஒரு முனையை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும் எண்ணம் இருக்கிறதா என்று முதலாளியிடம் நேராகக் கேளுங்கள். அதற்கு அவர் தயங்கினாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

கடைசியில் பெரும்பாலான வேலைகள் அங்கேதான் வந்து நிற்கின்றன. கிராணியின் திரையில் மெல்லிய எக்ஸ்டென்ஷன். அதில் ஒரு நிலை, ஒரு எச்சரிக்கை, ஒரு "மறுபடி அனுப்பு" பட்டன், அவ்வளவுதான். கணக்கீடு, வரி விதி, வரிசை, மறுமுயற்சி எல்லாம் உங்கள் சேவையில். எக்ஸ்டென்ஷனுக்குள் விதிகளை எழுத ஆரம்பித்தால் அதே விதி இரண்டு இடத்தில் இருக்கும். பல சேவைகளுக்குச் சேவை வரி 2024 மார்ச் 1ல் 6லிருந்து 8 விழுக்காடானபோது ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் விட்டவர்களுக்கு இது தெரியும்.

சேவை படுத்திருக்கும்போது எக்ஸ்டென்ஷன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடிவெடுங்கள். கடன் வரம்பைச் சரிபார்க்க முடியவில்லை என்றால் பில்லைத் தடுப்பதா, விடுவதா? இது டெவலப்பர் எடுக்கும் முடிவு அல்ல, முதலாளி எடுக்க வேண்டியது. மொத்த வியாபாரி தடுக்கச் சொல்வார், நாசி கண்டார் கடைக்காரர் விடச் சொல்வார்.

தீபாவளிக்கு முன்னால் முடித்துக் கொடுக்க முடியுமா?

துணிக்கடை, பலகாரக் கடை, மளிகை என்றால் முடித்தாலும் அப்போது ஓடவிடச் சொல்ல மாட்டோம். மஸ்ஜிட் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கூட்டம் நெரியும் வாரங்களில் புது இணைப்பைத் தொடங்கினால் பிழையைப் பார்க்கவும் ஆள் இருக்காது, கிராணிக்குக் கற்றுக்கொடுக்கவும் நேரம் இருக்காது. அந்த மாதத்தைப் பழைய முறையிலேயே ஓட்டுங்கள். மைஇன்வாய்ஸின் சோதனைத் தளத்தில் அந்தப் பில்களின் நகலை மட்டும் அனுப்பிப் பாருங்கள், நெரிசல் நாள் பில்களைவிட நல்ல சோதனைச் சரக்கு கிடைக்காது. அந்த மாதத்து ஒருங்கிணைந்த இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு கிளையில் மட்டும், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிஜமாகத் தொடங்கலாம்.